இரண்டாவது கொக்கி

சித்தன்னவாசல் ஓவியங்களைப் பார்த்துவிட்டு வரலாமென்று, சில வருடங்களுக்கு முன்பு திருச்சியிலிருந்து ஒரு நண்பரின் காரில் கிளம்பினேன். என்ன கார், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். இருபது வருடம் உழைத்த கார். தவிர, தப்பு காருடையது இல்லை என்பது கொஞ்ச நேரத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்!

கீரனூர் தாண்டியாயிற்று. நார்த்தாமலைப் பாறைகள், யானைக் கூட்டம் ஒன்று படுத்துக் கிடப்பது மாதிரி தூரத்தில் தெரிய ஆரம்பித்தன. நான் விஜயாலய சோழீஸ்வரத்தைப் பற்றி நண்பரிடம் அளந்துகொண்டிருந்தபோது 'டப்' என்று ஒரு சத்தம். காரின் முன்பக்க மூடி, அதாவது பானெட், முன் விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி நின்று 'தடதட'வென்று ஆடியது.

நண்பர் அலட்டிக்கொள்ளவில்லை. "ஒண்ணுமில்ல... லாக் விட்டிருச்சு. ஒரு மாசமாவே இப்படித்தான். ஓங்கி அடிச்சா மூடிக்கும்" என்றபடி ஓரம் கட்டினார்.

ஓங்கி அடித்தார். மூடிக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினார். நானும் சேர்ந்து அழுத்தினேன். கையை எடுத்ததும் பானெட் மறுபடி இரண்டு விரல் எழும்பி, 'என்னய்யா செய்வே?' என்று பார்த்தது. வழியில் போன ஒரு டூவீலர்காரர் வண்டியை நிறுத்தி, தானும் ஒருமுறை அடித்துப் பார்த்துவிட்டுப் போனார். நம் ஊரில் இது ஒரு மரியாதை!

கடைசியில் டிக்கியிலிருந்து தேங்காய் நார்க் கயிறு ஒன்றை எடுத்தார் நண்பர். முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் கிரில்லில் கட்டப் போனவரை நான்தான் தடுத்தேன். பிளாஸ்டிக் எத்தனை நேரம் தாங்கும்? பானெட்டுக்கு அடியில் இரும்பு வளையம் ஒன்று உண்டு. அதில் கயிற்றை நுழைத்து, ரேடியேட்டருக்கு மேலே குறுக்கே ஓடும் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினோம். முப்பது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வந்த அத்தனை பஸ்களின் ஹாரனையும் வாங்கிக்கொண்டு, புதுக்கோட்டை எல்லையில் இருந்த ஒரு ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஷெட்டின் சொந்தக்காரர் ஒரு பாய். அறுபது வயதுக்கு மேலிருக்கும். வெள்ளைத் தாடியில் ஒரு சொட்டு கிரீஸ். கயிற்றைப் பார்த்ததுமே, "பரவால்லியே, சட்டத்துல கட்டியிருக்கீங்க" என்று எங்களைப் பாஸ் செய்தார். அவிழ்த்தார். பானெட்டைத் தூக்கிக் கம்பி கொடுத்து நிறுத்தினார். உள்ளே குனிந்தவர், கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை. பிறகு நண்பரைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"தம்பி... இதைப் பூட்டு புடிச்சுக்கிட்டு இருந்துச்சுன்னா நெனச்சீங்க?"

அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் ஒரு சின்னக் கொக்கி இருந்தது. செம்மண் புழுதியும் பழைய கிரீஸும் சேர்ந்து களிமண்ணாக இறுகி, பாதி வழியில் சிக்கி நின்றது. அதன் நுனி மட்டும்... ஒரு நெல்மணி அகலத்துக்குத்தான் இருக்கும்... பானெட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் எங்கள் இருவர் உயிரும் அந்த நெல்மணியில் தொங்கியிருக்கிறது!

பாய், கேபிள் வாங்கி வரச் சொல்லிப் பையனை டவுனுக்கு அனுப்பினார். பையன் ஒரு பழைய டி.வி.எஸ். ஃபிஃப்டியை உதைத்துக் கிளப்பினான். காத்திருக்கும் நேரத்தில் நாம் இந்த மூடியின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

முதல் காருக்கு பானெட்டே கிடையாது. 1886-ல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் பேடன்ட் வாங்கிய மூன்று சக்கர வண்டியில், எஞ்சின் பின்னால், ஸீட்டுக்கு அடியில் இருந்தது. குதிரையில்லாத குதிரை வண்டி, அவ்வளவுதான். 1891-ல் பிரான்ஸில் எமில் லெவாஸோர் என்பவர்தான் எஞ்சினைத் தூக்கி முன்னால் வைத்தார். (1895-ல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பிய பந்தயத்தில் சுமார் 48 மணி நேரம் தானே ஓட்டி முதலாவதாக வந்தவர் இவர். அடுத்த வருடமே ஒரு பந்தயத்தில் விபத்து. அதிலிருந்து தேறாமல் 1897-ல் இறந்துபோனார்.) எஞ்சின் முன்னால் வந்ததும் அதற்கு மழையும் தூசியும் படாமல் ஒரு மூடி வேண்டியிருந்தது. பெட்டி மாதிரி ஒன்றைக் கவிழ்த்தார்கள்.

இங்கிலாந்துக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் பானெட். சீமாட்டிகள் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே ரிப்பனால் கட்டிக்கொள்ளும் தொப்பி. அமெரிக்கர்கள் வைத்த பெயர் ஹூட். அதாவது முக்காடு! லண்டன் மெக்கானிக்கிடம் போய் 'ஹூட் மூட மாட்டேங்குது' என்றால் அவர் காரின் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார். அங்கே ஹூட் என்றால் மடக்கித் திறக்கும் கான்வாஸ் கூரை. நாம் இங்கிலாந்துக்காரன் தொப்பியை எடுத்துக்கொண்டோம். டிக்கியும் அப்படித்தான். வண்டியின் பின்பக்கம் வைத்த கூடுதல் இருக்கைக்கு ஆங்கிலேயர்கள் சொன்ன பெயர் அது. அவர்கள் மறந்துவிட்டார்கள், நாம் விடவில்லை.

ஆரம்ப கால பானெட்கள் இன்றைய மாதிரி வாய் பிளப்பவை அல்ல. நடு முதுகில் ஒரு நீளமான கீல். இரண்டு பக்கமும் வண்ணத்துப்பூச்சி சிறகு போல மேலே மடங்கும். 1908-லிருந்து 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு 'மாடல் டி' அந்த ஜாதிதான். கீழே பக்கத்துக்குப் பக்கம் ஸ்பிரிங் கொக்கிகள். கையால் இழுத்து மாட்ட வேண்டும். பந்தயக் கார்களில் அதுவும் போதவில்லை. மோசமான சாலையில் காரின் சட்டமே முறுக்கிக்கொள்ளும்போது இரும்புக் கொக்கி கழன்றுவிடும் என்று, பானெட்டின் குறுக்கே ஒரு தோல் பெல்ட்டைப் போட்டு இறுக்கிக் கட்டினார்கள். பழைய பென்ட்லி படங்களில் அந்த பெல்ட்டைப் பார்க்கலாம். இன்றைக்கு அதை 'ஸ்டைல்' என்கிறார்கள். அன்றைக்கு அது எங்கள் தேங்காய் நார்க் கயிறு!

அந்தக் காலத்து பானெட்டில் ஒரு நல்ல குணம் உண்டு. பக்கவாட்டில் திறப்பதால், கொக்கி கழன்றாலும் முன்னாலிருந்து வரும் காற்று அதற்கு அடியில் புகுந்து அப்படியே பின்னால் புரட்டுவதற்கு வழியில்லை. சத்தம் போடும். பறந்தால் பக்கவாட்டில் பறக்கும். ஓட்டுபவரின் கண்ணை மறைக்காது.

புதுக்கோட்டைக்கு மோட்டார் வந்தது அந்த யுகத்தில்தான். இந்த ஊர் அப்போது தொண்டைமான்களின் தனி சமஸ்தானம். அம்மன் காசு புழங்கிய ஊர். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்து (1878-94) அளவெடுத்தாற்போல நேர் நேரான வீதிகள் போட்ட ஊர். ஆனால், ரயில் கிடையாது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்தது 1929-ல்தான். மானாமதுரை வரை நீண்டது அதற்கடுத்த வருடம். பஸ் அதற்கு வெகு காலம் முன்பே வந்துவிட்டது!

திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்து, வக்கீல் தொழில், ரயில்வே, பேங்க் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு விலகிய டி.வி.சுந்தரம் அய்யங்கார், 1910-களின் தொடக்கத்தில் பஸ் விட ஆரம்பித்தார். அவருடைய ஆரம்ப காலத் தடங்களில் ஒன்று தஞ்சாவூர் - புதுக்கோட்டை. யெஸ்... பையன் உதைத்துக் கிளப்பிய டி.வி.எஸ். ஃபிஃப்டிக்குத் தாத்தா, இதே ஊர்ச் சாலையில் ஓடிய அந்த பஸ்தான்.

தார் இல்லாத செம்மண், சரளைச் சாலை. மாட்டுவண்டிகள்தான் ராஜா. மாட்டுக் குளம்பிலிருந்து கழன்று விழுந்த லாட ஆணிகள் வழி நெடுக. டயர் என்பது இங்கிலாந்திலிருந்து கப்பலில் வர வேண்டிய சமாசாரம். இந்த ஆணிகளைப் பொறுக்குவதற்கென்றே காந்தம் பொருத்திய வண்டியை ஓடவிட்டார் அய்யங்கார் என்று ஒரு கதை சொல்வார்கள். பஞ்சர் ஆன பிறகு ஒட்டுவது ஒரு புத்தி. பஞ்சர் ஆவதற்கு முன்பே ஆணியைப் பொறுக்குவது வேறு புத்தி. என் நண்பர் முதல் ரகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த நாள் டிரைவருக்கு பானெட்டைத் திறப்பது தினமும் பலமுறை நடக்கும் காரியம். கொஞ்ச தூரம் போனால் ரேடியேட்டர் கொதிக்கும். இறங்கு, சிறகைத் தூக்கு, தண்ணீர் ஊற்று, மூடு, கொக்கியை மாட்டு. முன்னால் நின்று ஹாண்டிலைச் சுற்று. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது பஸ்ஸின் மேல் அடுப்பு மாதிரி ஒரு சாதனத்தை ஏற்றிக் கரிவாயுவில் ஓட்டினார்கள். சுந்தரம் அய்யங்கார் கம்பெனியே அப்படி ஒரு 'காஸ் பிளான்ட்' தயாரித்தது. கரி அள்ளிப் போட்டுக் கிளறி, புகையில் கண் சிவந்த தலைமுறை அது. கொக்கி தேய்ந்திருக்கிறதா, ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்று அவர்கள் தனியாகப் பரிசோதிக்க வேண்டியதே இல்லை. தினமும் கை பட்டுக்கொண்டே இருந்தது.

பிரச்னை ஆரம்பித்தது கார்கள் அழகானபோது!

1930-களின் நடுவில் அமெரிக்காவில் 'காற்றைக் கிழிக்கும்' வடிவம் ஃபாஷனானது. தனித்தனியாக நின்ற மட்கார்டும் ஹெட்லைட்டும் உடம்போடு ஒட்டின. பக்கவாட்டில் சிறகு திறக்க இடம் போயிற்று. அதனால் பின்னால், கண்ணாடியை ஒட்டிக் கீல் வைத்து, முன்னால் வாய் பிளக்கிற மாதிரி மாற்றினார்கள். அதற்குப் பெயரே 'அலிகேட்டர்' ஹூட், முதலை வாய். 1936-ன் லிங்கன் ஸெஃபிர் இதில் முன்னோடிகளில் ஒன்று. ப்யூக் கம்பெனி மட்டும் கொஞ்ச காலம் வித்தியாசமாக ஒரு வேலை செய்தது. 1940-களின் ப்யூக்கில் பானெட்டை இடது பக்கமிருந்தும் திறக்கலாம், வலது பக்கமிருந்தும் திறக்கலாம். இரண்டு பக்கமும் ஒரேயடியாகத் திறந்தால் மூடி கையோடு வந்துவிடும்!

முதலை வாயில் ஒரு வசதி. மெக்கானிக் முன்னால் நின்று சௌகரியமாக வேலை பார்க்கலாம். ஒரு ஆபத்து. அந்த வாய் காற்றுக்கு எதிரே திறக்கிறது. கிரில் வழியாக நுழையும் காற்று உள்ளேயிருந்து மேலே தள்ளும். வளைந்த மேற்பரப்பின் மேல் வேகமாக ஓடும் காற்று அதை மேலே இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நாலு மடங்கு. நாற்பதில் 'தடதட'வென்று ஆடுகிற பானெட், எண்பதில் ஒரே அடியில் திறந்து கண்ணாடியில் வந்து அறையும். எதிரே சாலை இருந்த இடத்தில் தகரம்தான் தெரியும்.

(அப்படி ஆகிவிட்டால் பதறி பிரேக்கை மிதிக்கக் கூடாது. பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டுவிட்டு, பக்கத்து ஜன்னல் வழியாகவோ, கீழே குனிந்து கீலுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே தெரியும் இடுக்கு வழியாகவோ பார்த்தபடி, மெதுவாக இடது ஓரம் ஒதுங்க வேண்டும்.)

சரி, காற்றுக்கு எதிராகத் திறக்காமல், காற்றின் போக்கிலேயே திறக்கிற மாதிரி வைத்தால் என்ன? வைத்தார்களே! நம் சென்னையிலேயே செய்தார்கள். 1961-லிருந்து இங்கே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஞாபகமிருக்கிறதா? கீல் முன்னால். மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் மொத்த மூக்கும் முன்பக்கமாகக் கவிழும். மெக்கானிக் டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். பூட்டு விட்டுப்போனாலும் காற்றே மூடி வைக்கும். அருமையான ஏற்பாடு. ஆனால், லேசாக எங்காவது முட்டினால் மொத்த மூக்கும் கோணிக்கொள்ளும். அப்புறம் இடைவெளி சரி செய்வதற்குள் மெக்கானிக்குக் கோணிவிடும். அம்பாஸடர் அந்த வழிக்கே போகவில்லை. 1950-களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பிறந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான அது, கடைசி வரை முதலை வாய்தான். உலகமும் பெரும்பாலும் அதையே தேர்ந்தெடுத்தது. காற்றை ஜெயிக்கிற வடிவத்தைவிட, பழுது பார்க்கச் சௌகரியமான வடிவம் ஜெயித்தது என்பது என் கட்சி.

அப்படியானால் ஆபத்துக்கு என்ன வழி? அங்கேதான் வருகிறது இரண்டாவது கொக்கி.

நம் பழைய வீட்டுக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். நிலையில் நாதாங்கி, கதவில் கொண்டி. காரில் பானெட்டுக்கு அடியில் இருக்கும் இரும்பு வளையம்தான் நாதாங்கி. கீழே சட்டத்தில் இருக்கும் பூட்டில், நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு துண்டு சுழலும். வளையம் மேலிருந்து வந்து இடித்ததும் கொடுக்கு சுழன்று அதைக் கவ்விக்கொள்ளும். கொடுக்கு திரும்பிப் போகாதபடி ஒரு பல் வந்து தடுக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் லீவரை நீங்கள் இழுத்தால் கேபிள் அந்தப் பல்லை விலக்கும். 'டப்'. அவ்வளவுதான் முதல் பூட்டு. ஆனால், பானெட் முழுசாகத் திறக்காது. இரண்டு விரல் எழும்பி நிற்கும். நீங்கள் இறங்கி வந்து, இடுக்கில் கையை விட்டுத் தடவி, ஒரு சின்ன லீவரை நகர்த்தினால்தான் வாய் திறக்கும். 'எதுக்குடா இந்த இழவு' என்று எல்லோரும் அலுத்துக்கொள்ளும் அந்தச் சின்ன லீவர்தான் இரண்டாவது கொக்கி. முதலாவது ஏமாற்றினால் பிடித்துக்கொள்வதற்காகவே அங்கே காத்திருப்பது.

பல கம்பெனிகள் இதைத் தாமாகவே வைத்தன. சட்டமானது அமெரிக்காவில். ரால்ஃப் நாடர் என்ற இளம் வக்கீல் 1965-ல் கார் கம்பெனிகளைக் கிழி கிழியென்று கிழித்துப் புத்தகம் எழுத, 1966-ல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த விதிகளில் 113-வது எண், பானெட் பூட்டுக்கு. 1969-ன் தொடக்கத்திலிருந்து அமலானது. ரொம்பச் சின்ன விதி. பானெட்டுக்குப் பூட்டு வேண்டும். முன்னால் திறந்து ஓட்டுபவரின் பார்வையை மறைக்கக்கூடிய பானெட்டாக இருந்தால் இரண்டாவது பிடி ஒன்றும் வேண்டும். விஷயம் அவ்வளவே.

இதோடு பிரச்னை தீர்ந்ததா? இல்லை. இரண்டாவது கொக்கிக்கு ஒரு சாபம் உண்டு. முதலாவது ஒழுங்காக இருக்கும் வரை அதற்கு வேலையே கிடையாது. வேலையே இல்லாததை யார் கவனிப்பார்கள்?

நிஸான் கம்பெனி கவனிக்கவில்லை. 2013-லிருந்து வந்த ஆல்டிமா கார்களில் இரண்டாவது கொக்கி துருவும் தூசியும் ஏறி, திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. 2014-ல் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். என்ன வைத்தியம் தெரியுமா? லீவரைக் கொஞ்சம் வளைத்து, கிரீஸ் போட்டு அனுப்பினார்கள்! அது போதாமல் பிறகு பூட்டையே மாற்றினார்கள். அதுவும் போதாமல் 2020-ல் அமெரிக்காவில் சுமார் 18 லட்சம் கார்களை மறுபடி அழைத்தார்கள். டெஸ்லா கதை இன்னொரு ரகம். பானெட் சரியாக மூடவில்லை என்பதை டிரைவருக்குச் சொல்ல வேண்டிய ஸென்ஸார் சொல்லவில்லை என்று 2024 ஜூலையில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 18.5 லட்சம் கார்களுக்கு அறிவிப்பு. அங்கே ஷெட்டுக்குப் போக வேண்டியதே இல்லை, காற்றிலேயே ஸாஃப்ட்வேர் அனுப்பிச் சரி செய்தார்கள். நம் நாட்டில் பழுதான வண்டிகளைத் திரும்ப அழைக்கச் சொல்லும் அதிகாரம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில்தான் அரசுக்கு வந்தது. 2021-லிருந்து அமல். இருபது வருடம் ஓடிய காரை எந்தச் சட்டமும் திரும்ப அழைக்காது. அதற்குப் பாய் மாதிரி ஆட்கள்தான் கதி.

பையன் திரும்பி வந்துவிட்டான்!

பாய் வேலை பார்த்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கேபிள் வருவதற்கு முன்பே நோய் எங்கே என்பதைக் கண்டுபிடித்திருந்தார். பானெட்டைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் தண்டால் பூட்டின் கொடுக்கை மேலிருந்து அழுத்தினார். வளையம் வந்து இடிப்பது மாதிரி. கொடுக்கு சுழன்றது, நிற்காமல் திரும்பி வந்தது. மறுபடி அழுத்தினார், மறுபடி வந்தது. அடுத்து கேபிளின் நுனியைப் பூட்டிலிருந்து கழற்றிவிட்டு அதே மாதிரி அழுத்தினார். 'டக்' என்று கவ்விக்கொண்டது!

"பாத்தீங்களா தம்பி? பூட்டு நல்லாத்தான் இருக்கு. வயரு உள்ளுக்குள்ள துருப்புடிச்சுப் போயி, இழுத்தா இழுக்குது, திரும்பி வரமாட்டேங்குது. நீங்க லீவரை விட்டாலும் அது விடல. பல்லு பாதி வெலகியே நிக்குது. அப்புறம் எங்கிட்டு புடிக்கும்? நீங்க ஓங்கி ஓங்கி அடிச்சதுல தகரம்தான் பள்ளமாயிருக்கு."

உண்மைதான். பானெட்டின் முன் விளிம்பில் நண்பரின் ஒரு மாத உழைப்பு, உள்ளங்கை அளவுக்கு இரண்டு பள்ளங்களாகப் பதிந்திருந்தது.

எல்லாக் காருக்கும் இதே நோய் என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்ப சாதாரணமான காரணம் ஒன்று உண்டு என்றார் பாய். வாட்டர் சர்வீஸ் பண்ணும்போதோ, விளையாட்டாகவோ யாராவது கொடுக்கை அமுக்கிவிட்டிருப்பார்கள். கொடுக்கு ஏற்கெனவே மூடியிருந்தால் வளையம் எப்படி உள்ளே போகும்? லீவரை ஒருமுறை இழுத்துவிட்டால் போதும், செலவில்லாத வைத்தியம். எங்கேயாவது இடித்த கார் என்றால் வளையமும் பூட்டும் நேர்கோட்டில் இருக்காது. பூட்டின் போல்ட்டுகளைத் தளர்த்தி, பானெட்டை மெதுவாக இறக்கினால் வளையமே பூட்டை அதன் இடத்துக்கு நகர்த்திக்கொடுக்கும். அப்புறம் முடுக்கிக்கொள்ளலாம். இரண்டு மூலையிலும் இருக்கும் ரப்பர் குமிழ்கள் அதிகம் வெளியே வந்திருந்தாலும் பானெட் முழுசாக இறங்காது. திருகி உள்ளே விட வேண்டும்.

புது கேபிளை மாட்டினார். பூட்டை டீஸலில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். இரண்டாவது கொக்கிக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. செம்மண்ணைச் சுரண்டி எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. புதுக்கோட்டைச் சாலைகளின் பல வருடத்து வரலாறு! கடைசியில் ஸ்பிரிங் பளிச்சென்று தெரிந்தது. விரலால் கொக்கியைத் தள்ளி விட்டார். துள்ளிக்கொண்டு திரும்பி வந்தது. மறுபடி தள்ளினார், மறுபடி துள்ளியது. சுத்தமான கிரீஸை நுனி விரலில் எடுத்துத் தடவினார்.

நண்பருக்கு அவசரம். "மூடிரலாமா பாய்?" என்று பானெட்டில் கை வைத்தார்.

"இருங்க, இருங்க! தொறக்குமான்னு பாக்காம மூடுவாங்களா?"

ஸ்க்ரூடிரைவரால் கொடுக்கை அழுத்தினார். கவ்வியது. நண்பரை உள்ளே போய் லீவரை இழுக்கச் சொன்னார். விட்டது. மூன்று முறை. இதைச் செய்யாமல் மூடிவிட்டு, கேபிள் சதி செய்ததால் திறக்க முடியாமல் கிரில்லையே உடைத்த கதை ஒன்றைச் சொன்னார். அப்புறம்தான் தாங்குக் கம்பியை எடுத்து, பானெட்டை ஒரு அடி உயரத்துக்குக் கொண்டுவந்து, கையை விட்டார். தன் எடையிலேயே விழுந்து 'டக்' என்று உட்கார்ந்தது. யாரும் அடிக்கவில்லை, அழுத்தவில்லை.

"இப்ப லீவரை இழுங்க" என்றார். 'டப்'. இரண்டு விரல் எழும்பியது. முன்னால் வந்து விளிம்பைப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் மேலே தூக்கினார் பாய். காரின் மூக்கே மேலே எழும்பியது. பானெட் திறக்கவில்லை. இரண்டாவது கொக்கி முழுசாகப் பிடித்திருந்தது. பாய் எங்களைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்தார்.

கூலியாக அவர் கேட்டது, வழியில் நாங்கள் சாப்பிட்ட டிபன் பில்லைவிடக் குறைவு. நண்பர் கூடக் கொடுத்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டேஷ்போர்டின் மேல் சுருட்டி வைத்திருந்த தேங்காய் நார்க் கயிற்றை எடுத்து நீட்டினார்.

"இதையும் டிக்கியில போட்டு வைங்க தம்பி."